கண்ணுக்குப் பின்னால் ஒட்டிய தாள்

பேட்டன் கார்னர்ஸ், ஒஹையோ
செப்டம்பர் 12, 1994

அன்புள்ள மேவிஸ்,

நான் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நீ அனுப்பிய பூங்கொத்து அடக்கத்துக்கு முதல் நாளே வந்துவிட்டது. வெள்ளைப் பூக்கள். நன்றி.

இந்த வருஷம் ஹாலோவீன் விளக்கு செய்வாயா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். பக்கத்து வீட்டு பெர்னடின், "எதுக்கு ஆர்லீன், இந்த ஒரு வருஷம் விட்டுத் தொலையேன்" என்றாள். வேறு என்ன செய்வதாம்? ஆகஸ்ட் கடைசியில் பட்டறையைத் திறந்தேன். ஏழு விளக்கு செய்திருக்கிறேன். மூன்று பூசணி, இரண்டு பூனை, ஒரு ஆந்தை, ஒரு நிலா முகம். உன் அண்ணன் வெண்டல் இருந்தால் இருபது ஆகியிருக்கும். முப்பத்தோரு வருஷமாக அவர் பசை காய்ச்சி, காகிதம் கிழித்து, அடுக்கடுக்காக ஒட்டி, கண்ணையும் வாயையும் வெட்டி, பின்னால் மெல்லிய தாள் ஒட்டிக் கொடுப்பார். நான் வண்ணம் மட்டும்தான் தீட்டுவேன். இந்த வருஷம் எல்லாமே நான். பசை கட்டி கட்டியாக வந்தது. பரவாயில்லை.

கண்ணுக்கு ஒட்டும் மெல்லிய தாள் தீர்ந்துபோயிருந்தது. அவருடைய சாமான்களோடு இருந்த ஏதோ தாளை எடுத்து எண்ணெய் தடவி ஒட்டினேன். வெளிச்சம் நன்றாகவே வருகிறது.

வழக்கம்போல உனக்கு ஒன்று பார்சலில் வருகிறது. கறுப்புப் பூனை. வழக்கம் தெரியுமல்லவா? அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி, ஹாலோவீன் அன்று கட்டாயம் ஏற்ற வேண்டும், ஏற்றிவிட்டு எனக்கு ஒரு கார்டு போட வேண்டும்.

மழை இல்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
உன் அண்ணி ஆர்லீன்


கட்லர் பாயிண்ட், மெய்ன்
செப்டம்பர் 25, 1994

அன்புள்ள அண்ணிக்கு,

பூனை பத்திரமாக வந்து சேர்ந்தது. மீசை ஒன்று வளைந்திருந்தது, ஆவி காட்டி நிமிர்த்திவிட்டேன். என் முழங்காலைப் பற்றி நீங்கள் விசாரித்தது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதற்கென்ன, கிழட்டு முழங்கால், கத்திக்கொண்டே கிடக்கும். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? "நலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே, தந்தியா அடித்தீர்கள்?

பழம் பறிப்பு ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதிதான் முடிந்தது. பன்னிரண்டு பேர் வயலில் நின்றார்கள். மழை வந்தால் அத்தனை ப்ளூபெரியும் போச்சு. விட்டுவிட்டு அடக்கத்துக்கு வர முடியவில்லை. உங்களுக்குத் தெரியாததா?

பூனையைக் கணப்பு மாடத்தின் மேல் வைத்திருக்கிறேன். நீங்களும் அண்ணனும் செய்த இருபத்துநான்கு விளக்கும் வரிசையாக இருக்கிறது, இதோடு இருபத்தைந்து. அண்ணன் இருந்தால் "ஏன்டி, வீடா இது, பேய்க் கூடாரமா?" என்பான். நான் "நீதானடா அனுப்பித் தொலைச்ச" என்பேன்.

சந்தை எப்படிப் போனது என்று எழுதுங்கள். அந்தக் கஞ்சன் க்விம்பி இந்த வருஷமும் வந்தானா? வாங்கி வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பானே, அவன்தான்.

நன்றாகச் சாப்பிடுங்கள். வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று எழுதக் கூடாது.

உங்கள் நாத்தனார்,
மேவிஸ்


பேட்டன் கார்னர்ஸ்
அக்டோபர் 4, 1994

அன்புள்ள மேவிஸ்,

நலம். நீயும் நலம்தானே? ரொட்டி மட்டுமல்ல, சூப்பும் சாப்பிடுகிறேன்.

சனிக்கிழமை சந்தை நடந்தது. வழக்கமான இடம், தீயணைப்பு நிலையக் கொட்டகை. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறப்பதற்குள் வரிசை ரோடு வரை வந்துவிட்டது. ஐந்து விளக்கு கொண்டுபோனேன், அரை மணியில் ஐந்தும் போய்விட்டன. உன்னுடையது போக ஒன்றை எனக்கென்று வைத்துக்கொண்டேன். நிலா முகம்.

க்விம்பி வந்தார். அதே நீலக் கோட்டு, அதே வெள்ளைக் கையுறை. பெரிய பூசணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெண்டல் கேட்பதை நான்தான் இப்போது கேட்க வேண்டும், கேட்டேன்.

"முப்பத்தொண்ணாம் தேதி ஏத்துவீங்களா, மிஸ்டர் க்விம்பி?"

"வருஷா வருஷம் இதையே கேக்குறீங்க. பல்பு சூட்டுல பெயின்ட் வெடிச்சா யார் பொறுப்பு?"

"ஏத்தாத விளக்கு வெறும் சட்டின்னு வெண்டல் சொல்வாரு."

"சட்டியாவே இருக்கட்டும். என் சட்டி நூறு வருஷம் இருக்கும். உங்க ஊர்க்காரங்க விளக்கு பத்து வருஷத்துல குப்பைல கிடக்கும்."

வெண்டலாக இருந்தால் பூசணியைப் பிடுங்கி மேஜைக்கு அடியில் வைத்துவிடுவார். அப்புறம் பெரிய கூத்து நடக்கும், கடைசியில் க்விம்பி தலையசைத்துச் சத்தியம் செய்துவிட்டு எடுத்துப் போவார். சத்தியத்தை ஒரு வருஷமும் காப்பாற்றியதில்லை. எனக்குக் கூத்துக்குத் தெம்பில்லை. "சரி, எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்து, "வெண்டல் நல்ல மனுஷன்" என்றார். ஆமாம் என்றேன்.

எல்லோரும் அழுதார்கள், மேவிஸ். நான் மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணி,
ஆர்லீன்


கட்லர் பாயிண்ட்
நவம்பர் 1, 1994

அண்ணி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் ஐந்தரைக்குப் பூனையை ஏற்றினேன். பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வரும் நேரம். தெருவைப் பார்த்தபடி ஜன்னலில் வைத்துவிட்டு, மிட்டாய்க் கூடையோடு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இருட்ட இருட்ட, ஜன்னல் கண்ணாடியில் பூனை முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. மஞ்சள் கண்ணுக்குள் ஏதோ கீறல் கீறலாக இருந்தது. தாள் கிழிந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன்.

எழுத்து, அண்ணி. பென்சில் எழுத்து. அண்ணனுடைய கையெழுத்து. அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்து எங்கள் அப்பா தலையில் அடித்துக்கொள்வார், எனக்கா தெரியாது?

தெருவிலிருந்து பார்த்தால் எழுத்து வலம் இடமாகத் திரும்பித் தெரியும். ஜன்னல் கண்ணாடியில் விழுந்தபோதுதான் நேராகிப் படிக்க வந்தது. இடது கண்ணில் "அந்த". வலது கண்ணில் "நர்சு". வாயில் ஒரு முழு வரி: "சமையல்காரி உப்பே போடறதில்ல ஆர்லீன், உன்". அவ்வளவுதான். வாய் முடிந்துவிட்டது. உன் என்ன? உன் கையால் சாப்பிட வேண்டும் என்றா? ஆண்டவனே!

வெளியே ஒரு பிள்ளை "மிட்டாய் தர்றீங்களா இல்லையா?" என்று கத்தியது. கூடையோடு அப்படியே கொடுத்தனுப்பிவிட்டேன்.

இது ஆஸ்பத்திரியில் அண்ணன் உங்களுக்கு எழுதிய கடிதம். அதைத்தான் வெட்டிக் கண்ணுக்கு ஒட்டியிருக்கிறீர்கள். தெரிந்தா, தெரியாமலா? மீதித் தாள் எங்கே? மற்ற ஆறு விளக்கிலும் இதுதான் இருக்கிறதா? உடனே எழுதுங்கள்.

மேவிஸ்


பேட்டன் கார்னர்ஸ்
டிசம்பர் 4, 1994

அன்புள்ள மேவிஸ்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நான் நலம். அங்கே பனி விழுந்திருக்கும். கால் வழுக்காமல் பார்த்து நட. இங்கே கூரையில் ஒழுகிய இடத்தை ஆள் வைத்து அடைத்தாயிற்று.

நீ கேட்ட விஷயம். வெற்றுத் தாள் என்று நினைத்தேன். சரியாகப் பார்க்கவில்லை. ஏழு தாள் இருந்தது, விளக்குக்கு ஒன்றாகப் போய்விட்டது. கண்ணும் வாயும் வெட்டியது போக மிச்சத் துண்டுகளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

விளக்கு வாங்கியவர்கள் வழக்கம்போல கார்டு போட்டிருக்கிறார்கள். நான்கு வந்தது. க்விம்பி போடவில்லை, என்றைக்குப் போட்டார்? நான்கையும் படிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் நீ வைத்துக்கொள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுத வேண்டாம்.

என்னுடையதை நான் ஏற்றவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஆர்லீன்


கட்லர் பாயிண்ட்
டிசம்பர் 15, 1994

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? நான் இருக்கிறேன், ஏதோ.

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், எழுத மாட்டேன். ஆனால் கார் டயரை மாற்றிவிடுங்கள். பெரும்பனி வருவதற்குள். ஏன் என்று கேட்காதீர்கள். அடுத்த வருஷம் ஆந்தைக்கு இவ்வளவு பச்சை பூசாதீர்கள். அதையும் ஏன் என்று கேட்காதீர்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் எழுதுகிறேன். அது என்னைப் பற்றியது, எனக்கு உரிமை உண்டு. கென்டக்கியில் இருக்கும் வாத்தியார் தம்பதி போட்ட கார்டு. அவர்கள் வீட்டுப் பூசணியின் வாயில் இருக்கிற வரி இது: "மேவிஸ் வரலன்னு நீ அவள". அங்கே வாய் முடிகிறது.

நீ அவளை என்ன அண்ணி? அடிக்க வேண்டும் என்றானா? வீட்டுப் படியேற விடாதே என்றானா? ஒரு வாரமாக இந்த அரை வரியை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஜூலையில் அண்ணன் போன் பண்ணினான். உங்களிடம் சொன்னானோ என்னவோ. "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன் மேவி" என்றான். "சீசன் முடியட்டும்டா" என்றேன். பழம் ஒரு சாக்கு. பன்னிரண்டு பேரும் வருஷக்கணக்காகப் பறிக்கிறவர்கள், நான் இல்லாமலே பறித்திருப்பார்கள். அவன் குரல் பாதியாகியிருந்தது. அந்தக் குரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் உடம்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அடக்கத்துக்கும் வராததற்கு அந்தப் பயம்கூடக் காரணமில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கம்.

அடுத்த தாள் யாரிடமாவது இருக்க வேண்டும். என்னிடம் இல்லை, மற்ற மூன்று கார்டிலும் இல்லை. ஒன்று உங்களிடம், இல்லையென்றால் க்விம்பியிடம். உங்கள் நிலாவை ஏற்றிப் பாருங்கள் அண்ணி. எனக்காக.

மேவிஸ்


கட்லர் பாயிண்ட்
பிப்ரவரி 9, 1995

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. போனையும் எடுப்பதில்லை. பெர்னடினுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கா. குப்பையக் கொண்டுபோய்ப் போடுறா, சர்ச்சுக்கு வர்றா. பேச்சுதான் இல்ல" என்றாள்.

நான் எழுதுவது வேறு விஷயம். பூனையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. உள்பக்கம் முழுக்கப் பச்சைப் பொட்டு. நாற்றம் தாங்கவில்லை. வலது கண் தாளில் பாதியைத் தின்றுவிட்டது, "நர்சு"வில் இப்போது "ந" மட்டும்தான் இருக்கிறது. வரிசையில் இருக்கும் மற்ற இருபத்துநான்கில் ஒரு பொட்டுகூட இல்லை. இந்தக் கடற்கரை ஈரத்தில்தான் அவையும் இத்தனை வருஷம் இருக்கின்றன.

பூஞ்சை பிடிக்காமலிருக்க அண்ணன் பசையில் கிராம்பு எண்ணெய் ஊற்றுவானே, ஊற்றினீர்களா?

ஊற்றவில்லை என்றால் ஏழும் போய்விடும். முதலில் போவது மெல்லிய தாள்தான். தயவுசெய்து நிலாவைப் பாருங்கள்.

மேவிஸ்


பேட்டன் கார்னர்ஸ்
மார்ச் 2, 1995

அன்புள்ள மேவிஸ்,

நான் நலம். டயர் மாற்றிவிட்டேன்.

ஊற்றவில்லை. பசை அவர் வேலை. பட்டறையில் எப்போதும் கிராம்பு வாசனை அடிக்கும், அவர் சட்டையிலும் அடிக்கும். அது பசையிலிருந்து வருகிறது என்று முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவருடைய வாசனையே அதுதான் போல என்று இருந்துவிட்டேன். பக்கத்தில் நின்று வண்ணம் பூசியவளுக்கு இதுகூடத் தெரியவில்லை. நீ கேட்ட பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன். புட்டி இருந்தது. மூடியில் அவர் விரல் ரேகை, மாவோடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெற்றுத் தாள் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். மெல்லிய தாள் ஒரு சுருள் பரண் மேலே இருந்தது.

அவர் போன அன்று நர்சு ஒரு உறையைக் கொடுத்தாள். மேலே என் பெயர். "ராத்திரி தூக்கம் வராதப்பல்லாம் எழுதுவாருங்க" என்றாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பத்து நாள் அங்கேயே இருந்தது. அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டேன். படித்தால் தீர்ந்துவிடும் மேவிஸ். அதற்கப்புறம் அவர் என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. படிக்காமல் வைத்திருக்கவும் முடியவில்லை, வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் அது மேஜையில் இருப்பது தெரிந்தது. ஒரு காலை எழுந்து உறையைக் கிழித்து, எழுத்தைப் பார்க்காமல் தாளைக் கவிழ்த்து வைத்து, கத்தரிக்கோலை எடுத்தேன்.

எல்லோரும் அழு, அழுதால் சரியாகிவிடும் என்கிறார்கள். வந்தால்தானே அழுவதற்கு. ஒரே பக்கமாக உட்கார்ந்து கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படித்தான் முழுவதும் இருக்கிறேன். வலிக்கவில்லை. அதனால் கவலைப்படாதே.

நிலாவிலும் பூஞ்சை வந்திருக்கிறது. வெயிலில் வைத்தேன். ஏற்றவில்லை. முப்பத்தொன்றாம் தேதிக்கு முன் ஏற்றக் கூடாது என்பதும் அவர் வழக்கம்தான்.

க்விம்பியின் முகவரி கீழே.

ஆர்லீன்


ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா
ஏப்ரல் 20, 1995

அன்புள்ள அண்ணிக்கு,

ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், வெறும் வாயால் சொல்லும் நலம் அல்ல.

இரண்டு நாள் காரோட்டி க்விம்பி வீட்டுக்கு வந்தேன். முழங்கால் போட்ட கூச்சலை அக்கம்பக்கத்து மாநிலமெல்லாம் கேட்டிருக்கும். வீடா அது? மியூசியம். கதவைத் திறந்ததுமே செருப்பைக் கழற்றச் சொன்னான். இருநூறு விளக்கு, இருநூறும் கண்ணாடிக்குள். ஒன்றில்கூட வெளிச்சம் பட்ட தடம் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாவந்தான். ஆனா ஏத்த மாட்டேன்" என்றான்.

"யோவ், ஒரு பல்பு, ஒரு நிமிஷம். என்ன குடி முழுகிடும்?"

"ஒரு தடவை ஏத்தினா அப்புறம் அது ஏத்தின விளக்கும்மா. புதுசுன்னு யாரும் சொல்ல மாட்டான்."

"மத்த ஆறும் அழுகிக்கிட்டிருக்கு. தெரியுமா உனக்கு?"

"அதைத்தான் முப்பது வருஷமா உங்கண்ணன்கிட்ட கத்துனேன். பூட்டி வெச்சாதான் நிக்கும்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அலமாரியை உடைத்திருப்பேன். ஆனால் பூசணியைப் பார்த்தேன் அண்ணி. அலமாரிக்குள் ஈரத்தை உறிஞ்ச ஏதோ பொட்டலம் வைத்திருக்கிறான். ஒரு பொட்டு பூஞ்சை இல்லை. நம் ஏழில் முழுசாக இருப்பது அது ஒன்றுதான். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதையே அவனிடம் சொன்னேன். "நீ பூட்டி வெச்சதாலதான் எங்கண்ணன் எழுத்து இன்னும் இருக்கு. அதுக்கு உன் கால்ல விழணும். ஆனா நீ ஏத்தலேன்னா அவன் யாருக்கு எழுதினான்?" என்றேன்.

பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டான், பூட்டைத் திறந்தான். சமையலறையில் பல்பைத் தேடினான், வீட்டில் ஒரு சின்ன பல்புகூட இல்லை. இருநூறு விளக்கு வைத்திருக்கிறவனிடம்! கடைசியில் பிரிட்ஜுக்குள் இருந்ததைக் கழற்றி ஒயரில் மாட்டினான். திரையை இழுத்துவிட்டு, நான் கைக்கண்ணாடியைப் பிடித்துப் படித்தேன்.

ஒரு கண்ணில் "கிராம்பு". மறு கண்ணில் "மறக்கா". நீங்கள் கேட்காமலே இதை எழுதுகிறேன், இனிமேல் எழுதி என்ன பயன்? வாயில் இருந்தது எனக்கு வேண்டியது: "பழ சீசன் அவளுக்கு. திட்டாத, பாவம்".

க்விம்பி வீட்டுக் குளியலறையில் பூசணிப் படம் பின்னிய துண்டில் முகத்தைப் புதைத்து அழுதேன். வெளியே வந்தால் அவன் மேஜை முன் உட்கார்ந்து இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அணைக்கணும்னு நான் சொல்லலியே" என்றான். பல்பை எடுக்கவில்லை.

ஆனால் அண்ணி, ஒன்று கேட்கிறேன். அவன் எழுதியதை நீங்கள் படிக்கவே இல்லை. அப்புறமும் நீங்கள் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. ஏன்? எட்டு மாதமாக ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது "இதில் இருக்கும், இதில் இருக்கும்" என்று பிரித்தேன். உங்கள் நலத்தையும் கூரை ஒழுகலையும் படித்துவிட்டு மடித்து வைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

உங்கள்,
மேவிஸ்


பேட்டன் கார்னர்ஸ்
செப்டம்பர் 18, 1995

அன்புள்ள மேவிஸ்,

நலம். பழம் நன்றாக விளைந்ததா?

இந்த வருஷம் பன்னிரண்டு விளக்கு. கிராம்பு எண்ணெய் ஊற்றினேன். எத்தனை சொட்டு என்று தெரியவில்லை, கை கொண்ட மட்டும் ஊற்றினேன். வீடு முழுக்க வாசனை. பெர்னடின் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன ஆர்லீன், வெண்டல் உள்ள இருக்காரா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் போய்ப் படுத்துவிட்டேன்.

போன வருஷம் வாங்கிய நான்கு பேருக்கும் எழுதியிருக்கிறேன். பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை, புதிதாக ஒன்று அனுப்புகிறேன். ஆந்தைக்குப் பச்சையைக் குறைத்துவிட்டேன்.

ஆர்லீன்


பேட்டன் கார்னர்ஸ்
நவம்பர் 2, 1995

மேவிஸ்,

நிலாவை ஏற்றினேன். செவ்வாய்க்கிழமை, ஆறு மணிக்கு, சமையலறை ஜன்னலில்.

இடது கண்ணைப் பூஞ்சை தின்றுவிட்டது. ஓட்டைதான். வலது கண்ணில் "நர்சு வந்துட்டா". வாயில் ஒன்றும் இல்லை. நன்றாகப் பார்த்தேன், கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அழியவில்லை, எழுதவே இல்லை. அது கடைசித் தாள். நர்சு வந்திருக்கிறாள், பென்சிலை வைத்திருக்கிறார், அப்புறம் எடுக்கவில்லை. ஒரு வருஷமாக எதைப் படிக்கப் பயந்தேனோ அது வெறும் தாள். ஏழு விளக்கிலும் இதில்தான் வெளிச்சம் சுத்தமாக வந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. வெற்றுத் தாள் என்று உனக்குப் பொய் எழுதினேன், கடைசியில் அதுவே என் பங்குக்கு வந்திருக்கிறது. அப்புறம் கோபம் வந்தது. முதலில் அவர் மேல், அந்த நர்சு மேல். அவர் முழுதாக எழுதி வைத்ததை நறுக்கி ஊருக்கு விற்றேனே, அந்த என் மேல். அதற்கப்புறம் உன் மேல்.

நீ ஏன்டி வரல? ஒரு நாள் வந்து தலையக் காட்டிட்டுப் போயிருந்தா உன் பழம் அழுகியா போயிருக்கும்? ஆஸ்பத்திரி வாசல்ல கார் சத்தம் கேட்டா அவர் கதவைப் பார்ப்பாரு. செவ்வாய் பார்த்தாரு, புதன் பார்த்தாரு. வியாழக்கிழமை தலையைத் திருப்ப முடியல, என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னாரு. நான் போய்ப் பார்த்தேன். ரொட்டிக் கடை வேன். வந்து "மேவிஸ் இல்லைங்க, ரொட்டி வேன்"னு சொன்னேன். சரின்னாரு. வெள்ளிக்கிழமை போயிட்டாரு. நீ வெள்ளைப் பூ அனுப்புற!

திட்டாதே என்று அவர் எழுதியிருந்தாராம். நான் அதைப் படிக்கவில்லை, நீதான் படித்தாய். அதனால் என்னைக் கட்டுப்படுத்தாது.

இதை எழுதும்போது அழுகிறேன். தாள் நனைந்திருப்பது அதனால்தான், காபி இல்லை.

இன்று காலை ஐந்து கார்டு வந்தது. நான்கு பேர் வழக்கமானவர்கள். ஐந்தாவது க்விம்பி. ஒரே வரி: "ஏற்றினேன். பெயின்ட் வெடிக்கவில்லை."

நன்றி நவிலும் நாள் விருந்துக்கு ஒரு வான்கோழி வாங்கப் போகிறேன். ஒருத்தியால் தின்ன முடியாது. உன் பூனையை எடுத்து வா, கண்ணை மாற்றித் தருகிறேன். நவம்பரில் பறிப்பதற்கு எந்தப் பழமும் கிடையாது. வந்து சேர்.

ஆர்லீன்